திலகா பெயர்த்த கல்லு

உத்திரமேரூர் பக்கத்துல ஒரு சின்ன மாதா கோயில். அதைப் பெருக்கித் துடைக்கிறவள் திலகா. நடவு இருந்தா நடவு, இல்லாட்டி நூறு நாள் வேலை. எதுவானாலும் சனிக்கிழமை சாயந்திரம் விளக்குமாறும் கையுமாகக் கோயிலில் நிற்பாள். கூலி கிடையாது. வாய் மட்டும் உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வாய்தான் வினையாப் போச்சு. கோயில் வேப்பமரத்துச் சருகைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிஞ்சவள், கமிட்டித் தலைவர் ஜானைப் பார்க்கும்போதெல்லாம் தரை முழுக்கக் கல்லு போடச் சொல்லி நச்சரித்தாள். போன கோடையில் ஒருத்தர் உபயத்தில் போட்டார்கள், சிமெண்ட் கல்லு, மரத்து அடிவரைக்கும் நெருக்கி. திலகாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. மரம் காய ஆரம்பித்ததை அவள் கண்டுக்கவே இல்லை, பாவி.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஃபாதர் குழந்தை தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, மேரின்னு பேர் வைத்துவிட்டு, அடுத்த ஊர் பூசைக்குப் பறந்துவிட்டார். கீழே கிண்ணத்தில் விழுந்த தண்ணீரைக் கொட்டுவது எப்பவும் திலகா வேலை. மந்திரிச்ச தண்ணி, சாக்கடையில் விடக்கூடாது, கால் படாத மண்ணில்தான் ஊற்றணும். வேப்பமரத்தடியில் ஊற்றுவாள். கல்லு போட்ட பிறகு இதுதான் முதல் ஞானஸ்நானம். கிண்ணத்தோடு கோயிலைச் சுற்றி வந்தாள். உள்ளங்கை அகலம் மண் இல்லை.

ஜான் நல்ல மனுஷன்தான், ஆனா பசி நேரம். பந்தி போட்டாச்சு, குழாயடியில ஊத்திட்டு வா, யாரு பாக்கப்போறாங்க என்றார்.

"எம்புள்ள தலையில பட்ட தண்ணிண்ணா இது. சாக்கடையில வுட்டா அப்புறம் நான் இன்னா அம்மா?"

குழந்தையைப் புருஷன் ஆல்வினிடம் கொடுத்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். கல்லறைக் குழி தோண்ட வைத்திருந்த கடப்பாரையை எடுத்துவந்து மரத்தடியில் கல்லைப் பெயர்த்தாள். ஜான் பதறிப்போய், உபயம் கொடுத்தவர் கேட்டா என்ன சொல்றது என்றார்.

"நான் கேட்டு வாங்கினதுன்னு சொல்லுண்ணா. நானே எடுத்தேன்னும் சொல்லு."

நாலு கல் எடுத்ததும் மண் தெரிந்தது, வெளுத்து, கெட்டித்துப்போய். ஊற்றினாள். தண்ணீர் இறங்கவே இல்லை, அப்படியே மேலே நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் மொட்டை. பெருக்க நோவுதுன்னு உன்னை இப்படிப் பண்ணிட்டேனே என்று அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

பந்திக்கு யாரும் போகலை. ஜான் அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி அடுத்த கல்லின் இடுக்கில் கொடுத்து நெம்பினார்.

"எதுவரைக்கும் எடுக்கணும் திலகா?"

"வேர் எதுவரைக்கும் கீதோ அதுவரைக்கும்ணா."