என் பாதி இல்லாத பெயர்

என் மகளின் பெயரை ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். பெயர் சூட்டு விழாவுக்காக அரூரில் பிடித்திருந்த மண்டபத்தின் வாசலில் அதைக் கட்டியிருந்தார்கள். மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காரைவிட்டு இறங்கினேன். பேனரில் அவள் வெள்ளைக் கவுன் போட்டுப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் அவளுடையதுதான். கீழே ரோஸ் நிறத்தில் இருந்த பெயரைத்தான் நான் அதுவரை கேட்டதே இல்லை. அச்சடித்தவர்கள் வேறு யாருக்கோ போட வேண்டியதை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் அம்மாவும் அண்ணாந்து படித்துவிட்டு, இது என்ன பெயர் என்று தெலுங்கில் என்னைக் கேட்டார். பெற்றவளுக்கே தெரியாததை அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

நாங்கள் வைத்த பெயர் வேறு. அதைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

என் வீடு பாப்பாரப்பட்டிப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். என் கணவருடையது அரூருக்குப் பக்கத்தில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற விவசாயக் குடும்பம். சேலத்தில் ஒன்றாகப் படித்தோம். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர்கள் வீட்டில் தெலுங்குக்காரப் பெண் வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்கள். கல்யாணம் முடிந்த பிறகும் சம்பந்திகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும், வரும்.

ஏழாம் மாதம் செக்கப்புக்காக மொரப்பூரில் ரயிலேறிச் சேலம் போய்க்கொண்டிருந்தபோது என் கணவர்தான் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார். அவர் பெயரின் முன்பாதியையும் என் பெயரின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். பெண் பிறந்தால் இதுதான் என்றார். சேலம் வரும்வரை இருவரும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தோம். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, திட்டுகிற மாதிரி, தெருக்கோடியில் விளையாடுகிறவளைக் கத்திக் கூப்பிடுகிற மாதிரி. எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெயருக்கு அர்த்தம் கிடையாது. இந்தக் காலத்துப் பெயர்களுக்கு அர்த்தம் இல்லை என்று கேலி பேசுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் எல்கேஜி வகுப்பில் பாதிப் பெண் குழந்தைகளின் பெயர் ‘ஷிகா’விலோ ‘ஷ்வி’யிலோ முடியும். அம்மா பெயரில் கொஞ்சம், அப்பா பெயரில் கொஞ்சம், கேட்பதற்கு நன்றாக இருக்கிற எழுத்து ஒன்று. தமிழாசிரியர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பார். நான் சேர்ந்து சிரித்ததில்லை. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு குடும்பங்கள் ஒரு குழந்தையின் பெயருக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்றால், அதற்கு மேல் அகராதியில் என்ன தேட வேண்டும்?

பெண் பிறந்தாள். பிரசவத்துக்குப் போன நான் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் பெயரைச் சொல்லித்தான் குழந்தையைக் கூப்பிடுவார். விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கூப்பிட்டார். பேனருக்கு அதற்கு முன்பே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அது தெரிந்தே அவர் என் மகளை அந்தப் பெயரால் கூப்பிட்டுக் கொஞ்சியிருக்கிறார்.

மண்டபத்தில் பந்தி போடும் இடத்தில் நின்றிருந்தவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா சேலத்துல ஒருத்தர்கிட்ட நியூமராலஜி பாத்துட்டு வந்துச்சு. நாம வெச்ச பேருக்கு நம்பர் சரியா வரலையாம். கொஞ்சம் மாத்திக் குடுத்தாரு.”

“கொஞ்சமா? எம் பேரு எங்கங்க அதுல?”

“சபையில வேணாம். வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அவருடைய பாதி அப்படியே இருந்தது. அதற்கு மட்டும் நம்பர் ஒத்துக்கொண்டுவிட்டது. என் பாதி இருந்த இடத்தில் ஒரு ‘ஷ்வி’யும் ஒரு ‘கா’வும், கடைசியில் ஒரு ஸ்ரீயும் வந்து உட்கார்ந்திருந்தன. அதற்கும் அர்த்தம் கிடையாதுதான். ஆனால் அது எதற்காகச் செய்த பெயர் என்பது எனக்கு அடுத்த அரைமணி நேரத்தில் தெரிந்தது.

மணமகள் அறையில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை மாற்றிக்கொண்டிருந்தேன். என் மாமியார் திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்த சொந்தக்கார அம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் நன்றாக இருக்கிறது, யார் வைத்தது என்று அந்த அம்மா கேட்டார். என் மாமியார் நான் அங்கே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், சந்தோஷமாகவே சொன்னார்.

“மொதல்ல வெச்ச பேர்ல அம்மா எழுத்து வந்துச்சுங்க. அது இருந்தா அடுத்ததும் பொண்ணுதான்னு நம்பர் பாத்தவரு சொல்லிட்டாரு. இந்தப் பேரு வெச்சா அடுத்தது பையன், உறுதின்னு எழுதியே குடுத்திருக்காருங்க.”

அந்த அம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டு, “தம்பியக் கூட்டியாந்துரு சாமி” என்றார்.

என் அம்மாவின் அக்காவுக்கு, பெண் பிறந்தது போதும் என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படிப் பலர் உண்டு. ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரியம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போய்ப் பையை நீட்டுவார். அதையெல்லாம் நாம் கடந்து வந்துவிட்டோம், இப்போது பெண் பிறந்தால் மண்டபம் பிடித்து, பலூன் கட்டி, கேக் வெட்டுகிறோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெரியம்மா பெயரில் இருந்தது எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. என் மகள் பெயரில் அதையே யாருக்கும் புரியாத எழுத்துகளால் மூடி, ரோஸ் கலரில் அச்சடித்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் கழுத்து நிற்காத குழந்தையை, அவளுடைய விழாவிலேயே, இன்னொருவனைக் கூட்டி வரும் வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

மேடையில் என்னை உட்கார வைத்தார்கள். குழந்தை என் மடியில் இருந்தாள். அத்தைக்காரிதான் காதில் பெயர் சொல்ல வேண்டும். என் நாத்தனார் புதுப் பட்டுச் சேலையோடு குனிந்தார். வீடியோக்காரர் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் யோசித்துச் செய்யவில்லை. குழந்தையின் வலது காதை என் உள்ளங்கையால் மூடினேன்.

“இவளுக்குப் பேரு ஏற்கெனவே வெச்சாச்சுங்க அண்ணி,” என்றேன்.

மேளம் அடிப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முன்வரிசைக்குக் கேட்டது. என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற என் அம்மா என் தோளை அழுத்தி, “ஊரிக்கே உண்டு” என்றார். தெலுங்கில் சும்மா இரு என்று அர்த்தம். அவர் வாழ்க்கை முழுக்க எனக்குச் சொன்ன வார்த்தை அது. என் கணவர் தட்டில் சர்க்கரையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

நாத்தனார் ஒரு நொடிதான் தயங்கினார். பிறகு அந்தப் பக்கம் போய், இடது காதில் மூன்று முறை சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். சர்க்கரையைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள். குழந்தை சப்புக்கொட்டினாள். அதைப் பார்த்து ஒருவர், பெயர் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்றார். சிரித்தார்கள். அதன் பிறகு வரிசையாக வந்தவர்களோடெல்லாம் நான் போட்டோவுக்கு நின்றேன். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரித்திருக்கவில்லை. என் மாமியார் இன்றைக்கும் அதை வருகிறவர்களுக்குக் காட்டிக் குறை சொல்வார்.

விழா முடிந்ததும் நான் கணவர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நான் போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வந்த வேனிலேயே குழந்தையோடு ஏறி உட்கார்ந்துவிட்டேன். கணவர் ஜன்னலோரம் வந்து இறங்கச் சொன்னார். அந்தப் பெயரோடு இவள் உங்கள் வாசற்படி ஏற மாட்டாள் என்று சொன்னேன். வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்தார். அப்பா மட்டும், இதற்காகத்தான் அங்கே வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னேன் என்றார். அந்தப் பேச்சும் எனக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. அவருக்கு அவர் சொன்னது பலித்துவிட்டதில் ஒரு திருப்தி. என் மகளின் பெயரைப் பற்றி அவருக்கும் கவலை இல்லை.

நாத்தனார் போனில் அழுதார். சபையில் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். என் மாமியார் பேசவில்லை. கணவர் தினமும் பேசினார், ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்றார். சின்ன விஷயம் என்றால் நீங்களே விட்டுக்கொடுங்களேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது.

சில மாதம் போய், சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். குழந்தை அவரை அடையாளம் தெரியாமல் அழுதாள். அது அவரை உலுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்காமல்தான் இருந்தது, இன்றைக்கே போய் நம் பெயரையே கொடுத்துவிடு என்றார்.

“நான் குடுக்கமாட்டன். வெட்டுனவரு நீங்க, நீங்களே உங்க கையால எழுதுங்க,” என்றேன்.

“நான் எங்க வெட்டுனன்? அக்காவும் அம்மாவும்...”

“நீங்க பாத்துட்டு நின்னீங்கல்ல.”

அன்றே இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அவர்தான் எழுதினார். என் பெயரின் பாதியை எழுதும்போது எழுத்து விட்டுப்போய், அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் குழந்தையோடு அரூருக்குப் போனேன்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை, பெற்றுக்கொள்வதாகவும் இல்லை. மாமியார் அதற்கும் நாங்கள் பெயரை மாற்றியதுதான் காரணம் என்கிறார். பள்ளிக்கூடத்தில் ரயிலில் வைத்த பெயர், வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் கூப்பிடுவது அந்த ஸ்ரீ போட்ட பெயர். அவர்கள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று ஏறும். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். மகள் இரண்டுக்கும் ஓடுவாள்.

போன மாதம் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். ஆயா, அதாவது என் மாமியார், கூப்பிடுகிற பெயர்தான் தனக்குப் பிடித்திருக்கிறதாம், அதில் ஸ்ரீ வருகிறதாம், வகுப்பில் அவள் தோழிக்கும் ஸ்ரீ வருகிறதாம். பள்ளிக்கூடத்தில் மாற்றித் தரச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்கட்டுமா என்றாள்.

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. அவளிடம் கோபப்பட முடியாது. அவள் என்ன செய்தாள்? பெரியவளானதும் நீயே முடிவு பண்ணிக்கொள் என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். ஆனால் முடிவு பண்ணுவதற்கு முன்னால், அந்தப் பெயரை அவளுக்கு எதற்காக வைத்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லுவேன். அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுவேன்.