காக்காய்ப்பொன் ஒட்டிய கூடு

சமையலறைப் பின்சுவரில் ஒரு துளிக் கல்தூள் நகர்ந்தது. கண் மயக்கம் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நெல்மணியளவு கூடு. ஒரு புழு தலையை மட்டும் வெளியே நீட்டி அதை இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் மயிலாடி வீட்டில், முற்றத்தில் அண்ணன் அம்மி கொத்துகிற தூள் சோற்றுப்பானை வரைக்கும் வரும். அந்தத் தூள்தான் கூடு முழுக்க ஒட்டியிருந்தது. நடுவே கல்லில் கலந்திருக்கும் காக்காய்ப்பொன் துணுக்கு மினுங்கியது. இது என்ன பூச்சியாக மாறும்? அந்தக் கேள்வி பிடித்த நிமிஷத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். அங்கே நான் புரட்டியிருந்த பூச்சிப் புத்தகத்தில் கூடு சுமக்கும் அந்துப்பூச்சிகள் உண்டு. கல்லை உடுத்தியது இல்லை.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது புழு கூட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு அடங்கிப்போனது. அம்மாவோ பெருநாளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கலக்கிவிட்டாள்.

“பிய்ச்சா செத்துப்போயிரும்மா. பூச்சி வெளிய வரட்டும்.”

“ஏட்டி, புழுவுக்கு வேண்டி பெருநாளத் தள்ளி வைக்கவா?”

மைனி, அண்ணன் மனைவி, அம்மாவின் கையிலிருந்து சுண்ணாம்பு மட்டையை வாங்கினாள். “நீங்க இருங்க மாமி, நான் அடிக்கேன்.”

கூட்டைச் சுற்றி உள்ளங்கையளவு விட்டுவிட்டு அடித்தாள் மைனி.

பெருநாளன்று வந்த பெரியம்மாவின் கண் நேரே அங்கேதான் போயிற்று. “இதென்ன, சுவருக்குத் தேமலா?”

“சுண்ணாம்பு தீந்துபோச்சு பெரியம்மா,” என்றாள் மைனி.

அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்திரிக்கொத்துத் தட்டைப் பெரியம்மா முன் நகர்த்தினாள்.

நான் நாகர்கோவில் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலையில் மைனி கத்தினாள். “ஏட்டி, ஓடியா! ஒன் பிள்ள பெறந்தாச்சு!”

பூச்சி கூட்டிலிருந்து ஊர்ந்து, வெள்ளையடித்த சுவரில் வந்து உட்கார்ந்திருந்தது. குருணையளவு, சாம்பல் நிறம், இறகோரத்தில் மெல்லிய மயிர். பழைய சுவராக இருந்தால் தவறவிட்டிருப்பேன். அம்மாவின் சுண்ணாம்புதான் காட்டிக்கொடுத்தது. அம்மாவும் வந்து, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“இம்புட்டுக்காணும் இதுக்கா இத்தன பாடு!” என்றாள். அது பறந்தேவிட்டது.

ஆணா பெண்ணா, எங்கே முட்டையிடும், எதுவும் தெரியாது. வெறுங்கூடு மட்டும் என்னிடம் இருக்கிறது. கல்தூள் இல்லாத இடத்தில் எதை உடுத்தும்? அடுத்த விடுமுறையில் இன்னொரு புழு அகப்பட்டால், செங்கல்பொடி போட்ட குப்பியில் விட்டுப் பார்க்கப் போகிறேன். மைனி பொடியை இப்போதே சலித்து வைத்துவிட்டாளாம். சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை வேண்டுமாம் அவளுக்கு.