கண்ணை மூடிக்கொண்டு வால்வு வாங்கியவர்

தாம்பரத்தில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த காலத்தில், பம்மலிலிருந்து ஒருவர் ரேஸ் பைக்கின் சக்கரத்தையே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றடிக்கும் வால்வு வளைந்ததாக வேண்டுமாம், அதுவும் உலோகத்தில். நேர் வால்வு என்றால் பம்பை மாட்டவிடாமல் பிரேக் டிஸ்க் இடிக்கும்; ரப்பர் என்றால் வேகத்தில் சாய்ந்து காற்றை விட்டுவிடும். அதெல்லாம் சரி. ஆனால் மனிதர் ஒவ்வொரு வால்வையும் சக்கரத்தில் பொருத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பம்பின் வாயைத் தடவித் தடவி மாட்டிப் பார்த்தார். மீசையில் வியர்வை சொட்டியது. மற்ற வாடிக்கையாளர்கள் சக்கரத்தைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கண்ணைத் திறந்துதான் பாருங்களேன்! கடையில வெளிச்சத்துக்கா பஞ்சம்?" என்று கத்திவிட்டேன்.

"கோச்சுக்காத சார். ஓட்றது என் தம்பி. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி நான்தான் காத்து பார்க்கணும். அப்போ பயத்துல எனக்குக் கண்ணே தெரியாது. கைக்கு ஆப்டணும்."

"அப்படி என்னதான் ஓட்டுவான் உங்க தம்பி?"

"சூப்பரா ஓட்டுவான்னு சொல்றாங்க. நான் இன்னா கண்டேன்? வண்டி கெளம்பிச்சின்னா கண்ண மூடிக்குவேன்."

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அப்பாடா என்று வால்வுப் பெட்டியை மூடினேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இன்னொரு தபா பார்த்துக்கட்டா சார்?"

பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். அவர் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தார்.