கேசரம் இல்லாத செவ்வரத்தை

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம் அது. என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்ய, ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். பாடம், பூவின் பாகங்கள். மழையில் பாடசாலைச் செவ்வரத்தைச் செடியின், அதாவது செம்பருத்தியின், பூக்களெல்லாம் உதிர்ந்துவிட்டதால், வரும் வழியில் கண்ட செவ்வரத்தைகளை அவசரமாகப் பறித்து வந்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூவைக் கொடுத்து, "இதழப் பிரிச்சா நடுவுல மகரந்தம் இருக்கிற கேசரம் தெரியும்" என்றேன். பிரித்தார்கள். இதழுக்குள் இதழ்தான் வந்தது. அது அடுக்குச் செவ்வரத்தை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"டீச்சர், கேசரத்தக் காணோமே. அப்ப இது எப்படிக் காய்க்கும்?" என்றாள் முன்வரிசை யோகா.

பின்னால் அதிகாரியின் பேனா நின்றது. மழையில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலம்மா. தேடிப் பாப்போம்" என்றேன்.

ஒவ்வோர் இதழாகப் பிரித்தேன். பிள்ளைகளும் பிரித்தார்கள்.

"டீச்சர்! இந்த இதழ் ஓரத்துல மஞ்சளா மகரந்தம் ஒட்டியிருக்கு!" என்று யோகா கத்தினாள்.

பாதி இதழ், பாதி கேசரம். கேசரங்களே இதழ்களாக மாறியிருந்தன. அதிகாரி எழுந்து வந்து குனிந்தார். "நானும் இப்பத்தாங்க பாக்கிறேன், டீச்சர்" என்றார்.

சில மாதங்களில் வேலை நிரந்தரமானது. தெரியாது என்று சொன்னால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று அதுவரை பயந்திருந்தேன். அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் பிள்ளைகள், நான் கூப்பிடாமலே, என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள்.