ஏழு சனிக்கிழமை, ஒரு கித்தார்

சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசம், கடைக்காரர் வாசலில் கொளுத்தி வைத்த ஊதுபத்தி, இரண்டுக்கும் நடுவே புதுக் கம்பியின் இரும்பு வாடை... அந்தக் கடைக்குள் நுழைந்தால் காதுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்தக் கடை. சீனக் கடைக்காரரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நிபோங் திபால் என்ற சிற்றூரிலிருந்து, கடல் தாண்டித் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுன் நகரத்துக்கு வந்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க். வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு குழல்விளக்கு, முன்பு இருந்தவர் விட்டுப்போன பழைய எலெக்ட்ரிக் கித்தார். அதை ஆம்ப்பில் சொருகினால் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும். ஒருநாள் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சா என்று கேட்டார். என்னிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அந்த மாதம் என் கதவைத் தட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

கித்தார் பழக்கமில்லாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்புவது பிக்கப். ஒற்றைக் காயில், அதாவது ஒரே கம்பிச்சுருள் வைத்த பிக்கப் என்றால் விளக்கு, வயர் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஹம்பக்கர் என்ற வகையில் இரண்டு காயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று வாங்கும் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். இரண்டு பேராக இருந்தால் சமாளிக்கலாம் என்பதுதான் தத்துவம். தனியாகக் குடியிருப்பவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே ஹம்பக்கர் வைத்த கித்தார் ஒன்று, என் சம்பளத்துக்குள் வேண்டும். துணைக்குப் பள்ளித் தோழன் சேகரை அழைத்தேன். அவன் எதிர்க்கரையில் பாகான் டாலாமில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். பெர்ரிப் படகு ஏறி வந்தான். அவனுக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. அதனால் அவன் கருத்துகள் எப்போதும் மிக உறுதியாக இருக்கும்.

முதல் சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. கருஞ்சிவப்பு. இரண்டு ஹம்பக்கர். விலை எழுநூறு வெள்ளி. ஆம்ப்பில் சொருகி, கம்பியைத் தொடாமல் சும்மா நின்று கேட்டேன். சத்தமே இல்லை. பிறகு மூன்று விரலால் ஒரு கார்டு பிடித்து மீட்டினேன். தடித்த, இதமான குரல். ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது... இதை இன்றே வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை சேகர் எதற்கு வருவான்?

"இதோட கழுத்து கொஞ்சம் கனமா இருக்குடா" என்றேன்.

அன்று தொடங்கியது. இரண்டாம் வாரம் கறுப்புக் கித்தாருக்குக் கம்பி உயரம். மூன்றாம் வாரம் ஒன்று, முரட்டு ஒலிக்காக டிஸ்டார்ஷன் போட்டால் சேறாகக் குழம்பியது. அது உண்மைதான், மலிவு ஹம்பக்கர்களுக்கு அந்த வியாதி உண்டு. நான்காம் வாரம் நீலத்தில் வால்யூம் திருகினால் கரகரப்பு. ஆறாம் வாரம் வந்த கித்தாரில் எந்தக் குறையும் இல்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றேன். சேகர் ஒவ்வொன்றுக்கும் வாதாடினான். கடையில் முடியாத வாதம் கீழே இருந்த 'மாமாக்' டீக்கடையில், நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீயோடு தொடரும். அங்கிள் ஐந்தாம் வாரத்திலிருந்து எங்களுக்கு இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

ஏழாவது சனிக்கிழமை சேகர் நேராகச் சுவருக்குப் போய், கருஞ்சிவப்பைக் கழற்றி என் மடியில் வைத்தான். தெற்குக் கோடியில் ஜோகூரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்றான்.

"கழுத்து..." என்றேன்.

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல. மொத வாரமே ஒனக்கு இது புடிச்சிருச்சுன்னு எனக்குத் தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா ஏழு வாரம் வந்தே?"

"எனக்கு மட்டும் சனிக்கெழம வேற எங்க போக இருக்கு?"

வாங்கினேன். அங்கிள் பையை இலவசமாகத் தந்தார். ஏழு வாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான். பெர்ரித் துறைவரை சேகர்தான் தூக்கி வந்தான். அங்கே என் தோளில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு ஏறிப்போனான்.

அறைக்கு வந்து சொருகினேன். துளி இரைச்சல் இல்லை. வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கதவைத் தட்டவே இல்லை. அவ்வளவு நல்ல கித்தார் அது.

இப்போதெல்லாம் கித்தார் வாங்க மாடி ஏற வேண்டாம். போனில் ஹம்பக்கர் என்று அடித்தால் போதும். முகம் தெரியாத மனிதர்கள் நட்சத்திரம் போட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் வாதாட வருவதில்லை. பார்சல்காரர் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு, வைத்ததற்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார். மனிதரைப் பார்க்கவே வேண்டாம். மிகவும் வசதி.

போன வாரம் இன்னொரு கித்தார் வாங்கலாம் என்று ஓர் எண்ணம். மூன்றைத் தேர்ந்தெடுத்து, படத்தோடு சேகருக்கு அனுப்பினேன். அவன் இன்னும் ஜோகூரில்தான் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள், சூப்பர்வைசர் உத்தியோகம். ஒவ்வொன்றின் பிக்கப், எடை, கழுத்து எல்லாவற்றையும் பற்றி நீளமாக எழுதி, எது நல்லது என்று கேட்டிருந்தேன்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "மூணுமே நல்லாதான் இருக்கு மச்சான். எது வேணுமோ எடுத்துக்க லா." கூடவே ஒரு கட்டைவிரல்.

நல்ல பதில்தான். வேலை நேரத்தில் அதற்கு மேல் யார் எழுதப்போகிறார்கள்...

இருந்தாலும், ஒன்றிலாவது ஒரு குறை சொல்லியிருக்கலாம். நான் இல்லையென்று வாதாடியிருப்பேன். அப்படியே ஒரு மூன்று, நான்கு வாரம் ஓட்டியிருக்கலாம்.