மழைக்குழியில் இரண்டாவது குழாய்

எங்கள் தெருவில் மழைக்குழி தோண்டுவதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். பரமக்குடியிலிருந்து கல்யாணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த நாள்முதல் உப்புத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. இங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பேராசைப்பட்டு ஆழமாக போர் போட்டால் உப்பு வந்துவிடும். மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்கினால் அந்த நல்ல தண்ணீர் நிலைக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிமெண்ட் உறை இறக்கி, சரளை போட்டு, மாடிக் குழாயை அதற்குள் விட்டு, மேலே கல்லைப் போட்டு மூடினோம். நல்ல காரியம் செய்துவிட்டதாக நான் நிறையவே பெருமைப்பட்டேன்.

அடுத்த சில வருடங்களில் அதை மறந்தும் போனேன். போன ஐப்பசியில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

பிளஸ் டூ படிக்கிறவள். கண் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே ஓங்கரித்தாள். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வெளியில எங்கயும் தண்ணி குடிச்சாளா?" என்று டாக்டர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, எங்கே என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. அது சரிந்து இறங்கும் இடத்தில், கடலுக்கு முன்னால், மீனவர் குடியிருப்பு. அங்கே அவளுக்கு ஒரு தோழி. சாயங்காலம் என் மகள் அந்தத் தோழி வீட்டுக்குப் படிக்கப் போவாள், அந்த வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பாள்.

"அங்கன போயி எதுலயும் வாய வைக்காதேன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த பிள்ளையைத் திட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வந்த வாரமே நான் தெருச் சங்கத்தில் பேசி, குடியிருப்பின் பொதுக் கிணற்றடியில் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். பெஞ்சும் மைக்கும் எங்கள் தெருவிலிருந்து போயின. தண்ணீரைக் கொதிக்க வைப்பது எப்படி, கிணற்றை மூடி வைப்பது எப்படி, கை கழுவுவது எப்படி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பேசினேன். சங்கச் செயலாளர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

என் மகளின் தோழியுடைய அம்மா முன்வரிசையில் இருந்தார். மீன் வியாபாரம் செய்பவர், என் வயதுதான் இருக்கும். எழுந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். சோப்புப் போட்டுக் கைய கழுவச் சொல்றீக, சரி. கழுவுன தண்ணிய எங்கன விடணும்? அதையும் சொல்லிட்டுப் போங்க."

பெண்கள் சிரித்தார்கள். "யம்மா, கேள்வியெல்லாம் கடைசியில," என்றார் செயலாளர்.

"கடைசி வரைக்கும் எதுக்குண்ணே? தண்ணி இங்கனதான் கெடக்கு." அந்த அம்மா வாளியைக் கிணற்றில் இறக்கி இறைத்து என் முன்னால் வைத்தார். மேலே நுரை மிதந்தது. "இது யாரு வீட்டு நொரை? எங்க வீட்டுல ஒரு ஷாம்பு பாக்கெட்ட மூணு பேரு பங்கு போட்டுக் குளிக்கிறோம்."

"ஏன்க்கா, மேடத்துக்கு ஒரு டம்ளர் மோந்து குடேன்," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. "எம் மகளுந்தேன் காமாலையில கெடந்தா. உங்க மகளுக்கு முந்தியே. நான் யாரு வீட்டு வாசல்ல மைக் கட்டுனேன்?"

எனக்கு அது தெரியாது. கேட்கவே இல்லை. குனிந்து வாளியை முகர்ந்து பார்த்தேன். நாற்றத்துக்கு மேலே எலுமிச்சை வாசனை ஒன்று அடித்தது. எங்கள் வீட்டுக் கக்கூஸில் நான் ஊற்றும் மருந்தின் வாசனை.

கூட்டத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையால் வாசல் குழியின் மூடியை நெம்பினேன். மாடியிலிருந்து வரும் குழாய் மேலே காய்ந்து கிடந்தது. மழை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு குழாய். வீட்டுப் பக்கமிருந்து வந்து, குழிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சரளையின் மேல் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். திறந்த குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மழைக்காலத்துல செப்டிக் டேங்க் நெறஞ்சு கக்கூஸ்ல தண்ணி எதுக்களிக்குதுன்னு நீதான கத்துன? அதுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் லாரி கூப்புட்டமா? எப்பிடின்னு நீ கேட்டியா? டேங்குத் தண்ணிய இந்தக் குழிக்குத்தான் திருப்பி விட்டேன்."

கேட்கவில்லைதான். கக்கூஸ் சரியாகிவிட்டது, அது எனக்குப் போதுமாக இருந்தது.

"நான் மட்டுமா? தெருவுல முக்காவாசி வீட்டுல இப்பிடித்தேன். மண்ணு நல்லா குடிக்குதுல்ல."

"நம்ம பிள்ளையும் அதத்தானங்க குடிச்சா," என்றேன்.

அவர் மூடியை இழுத்துக் குழியை மூடினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கே அடைச்சிருவோம். யாருக்கும் தெரிய வேணாம்," என்றார். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் சரி என்றேன். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள், இன்னும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. "நம்ம வீட்ட அடைச்சா மத்த வீட்டுது யாரும்மா அடைப்பா? குடியிருப்புல உள்ளவுக நாளைக்கும் அந்தக் கெணத்துலதான மோப்பாக?" என்று கேட்டாள். 

காலையில் கணவரிடம் குழாயைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடியிருப்புக்குப் போனேன். தோழியின் அம்மா கூடையில் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இதச் சொல்லித்தேன் நாங்க பஞ்சாயத்து ஆபீசுல மனு மேல மனுவாக் குடுத்தோம். உங்க கெணத்தடியில துணி தொவைக்காதீகன்னு எழுதி அனுப்புனாக. நாங்க சொன்னா எடுபடாது. நீங்க எழுதுங்க."

ஒரு நோட்டுத் தாளைக் கொண்டு வந்து நீட்டினார். எந்த வீட்டில் எங்கே குழி என்று எனக்கு மனப்பாடம். எல்லாக் குழிகளும் நான் கூடவே நின்று தோண்டவைத்தவை.  முதலில் எங்கள் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். "இந்த வீட்டில் பார்த்தேன். மற்ற குழிகளையும் திறந்து பார்க்க வேண்டும்," என்று எழுதி, வரிசையாக எல்லா வீட்டு எண்களையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அன்றே இருவரும் அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்தோம்.

அதிகாரிகள் வருகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. அவர்கள் குழிகளைத் திறந்தபோது பல வீடுகளில் இரண்டாவது குழாய் இல்லை. அது இருந்த இடத்தில் பூச்சு ஈரமாக இருந்தது. செயலாளர் வீட்டில் தொட்டால் விரலில் சிமெண்ட் ஒட்டியது. "மழைக்கு ஒழுகுச்சு, பூசினோம்," என்றார் கூசாமல். எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈரப்பூச்சு கண்ட வீடுகளையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் அடைத்து முத்திரை வைத்தார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர். பக்கத்து வீட்டில் என் தலையைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். 

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்த அன்று யாரும் கூப்பிடாமலே போனேன். குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஹோஸ் பைப்பின் முனையைப் பிடித்திருந்த ஒரு பெண், "இத எங்கன விடுறது? மண்ணுல ஊத்துனா திரும்பக் கெணத்துக்குத்தான் போகும்," என்றார்.

தோழியின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேட்டுத் தெருவுல கொண்டு போயி விடுவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர்கள் ஹோஸை அந்தப் பக்கம் கொண்டு போகவில்லை. அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு ஹோஸை வாங்கி, முனையோடு முனை பொருத்திக் கட்டிக் கடல்வரை இழுத்துக்கொண்டு போனார்கள்.