பந்தியில் ஒரு பாட்டில்

போன வைகாசியில், கிணத்துக்கடவு மண்டபம் ஒன்றில் என் பெரிய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெருந்துறைப் பக்கம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் பந்தியில் ஒரு குறை வந்தால் ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று கேள்வி. தேதி குறித்த நாளிலிருந்தே எனக்கு அதே பயம்.

போதாக்குறைக்கு என் சின்ன மகள். கோவையில் காலேஜ் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதிகளோடு குளக்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குவாள். பூமி சூடாகிறது, பிளாஸ்டிக் ஒழிய வேண்டும் என்று வீட்டிலும் ஓயாமல் பாடம் நடத்துவாள். அக்கா கல்யாணப் பந்தியில் தண்ணீர் பாட்டிலே கூடாது என்று ஒரே பிடிவாதம். இலைக்கு ஒரு பாட்டில் வைக்காவிட்டால் கஞ்சப் பிசினாறி என்பார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அசையவில்லை.

"குளத்துல நான் பொறுக்கறதுல பாதி கல்யாண மண்டபத்துப் பாட்டில்தாம்மா. நம்மூட்டுக் கல்யாணப் பாட்டிலையும் நானே போய்ப் பொறுக்கட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் அவள் ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தம்.

முகூர்த்தத்தன்று அவளும் சிநேகிதிகளும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜக்கும் எவர்சில்வர் டம்ளருமாகப் பந்தியில் இறங்கினார்கள். நான் மட்டும் சும்மா விடுவேனா? சம்பந்தியம்மாவுக்கென்று ஒரே ஒரு பாட்டிலை ஒளித்து வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் இலையோரம் வைத்தேன். பெரிய மரியாதை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு பக்கத்து இலைகளைப் பார்த்தார். அங்கெல்லாம் பெண்கள் குனிந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுங்களா என்று கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏனுங்க சம்பந்தி, எல்லார்த்துக்கும் புள்ளைங்க கையால ஊத்தறாங்க. எனக்கு மட்டும் கடைப் பாட்டிலுங்களா? நான் என்ன வேத்தாளுங்களா?"

எந்தக் குறை வரக் கூடாது என்று பயந்தேனோ, அதை நானே முந்தானையில் சுமந்து வந்திருக்கிறேன்! அதற்குள் சின்னவளும் பார்த்துவிட்டாள். சரி, இங்கேயே பாடம் நடத்தி என் மானத்தை வாங்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"அது எனக்குங்க அத்தை. தொண்டை வத்திப்போச்சுன்னு அம்மாகிட்டக் கேட்டிருந்தேன். தெரியாம இங்க வெச்சுப்போட்டாங்க."

சொல்லிவிட்டு அவருக்கு டம்ளர் நிறைய ஊற்றினாள். சம்பந்தியம்மா சிரித்தபடி, முதலில் நீ குடி கண்ணு என்றார். வேறு வழி? பாட்டிலை ஒழிக்கக் கிளம்பியவள், அத்தனை சிநேகிதிகளும் வாயைப் பிளந்து பார்க்க, அதைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று திரிகிறவள் அன்றைக்கு என்னைக் காப்பாற்றினாள். அதற்காகக் காலேஜில் அவள் பட்ட கேலியை நினைத்தால், எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.